ரத்தத்தில் பி.சி.ஆர். நெகட்டிவ்: புருசெல்லா இல்லையென்று எழுதிவிடலாமா?

கேள்வி: ஜூன் 4

மாட்டுப் பண்ணையில் கன்று ஈனும்போது உதவுகிற வேலையில் இருப்பவர். சில வாரங்களாக மாலையில் ஏறி, விடியலில் வியர்த்து இறங்கும் காய்ச்சல். கால்நடைகளிலிருந்து தொற்றும் புருசெல்லா பாக்டீரியாவால் வரும் புருசெல்லோசிஸ் என்று சந்தேகம். கூடவே இடுப்பு வலி. ரோஸ் பெங்கால் சோதனை பாசிட்டிவ். குழாய்த் திரட்டுச் சோதனையில் டைட்டர் (எதிர்ப்பொருளின் அளவு) 1:320. ஆனால் முழு ரத்தத்தில் செய்த ரியல் டைம் பி.சி.ஆர். நெகட்டிவ். மற்ற இரண்டும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கின்றன, பி.சி.ஆர். கிருமியின் டி.என்.ஏ.வையே பார்க்கிறது. ஆகவே பி.சி.ஆர். முடிவை ஏற்று, புருசெல்லோசிஸ் இல்லையென்று எழுதிவிடுவதுதானே சரி? ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பியிருக்கிறோம். அது வளரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஜூன் 4, இரவு

சரியன்று. வினைக்குழாய்க்குள் எவ்வளவு ரத்தம் போயிற்று என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான கிட்டில் 200 மைக்ரோலிட்டர் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வை 100 மைக்ரோலிட்டர் கரைசலில் இறக்கி, அதிலிருந்து 5 மைக்ரோலிட்டரை மட்டும் வினைக்குழாயில் விடுகிறோம். ஆக, நீங்கள் உண்மையில் சோதித்தது 10 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு சொட்டில் அது ஒரு சிறு பங்கு. இந்த நோயில் ரத்தத்தில் கிருமியின் அடர்த்தி மிகக் குறைவு. ஒரு பேச்சுக்கு மில்லிலிட்டருக்கு 10 பாக்டீரியா என்று வைத்துக்கொண்டால், அந்த 10 மைக்ரோலிட்டரில் சராசரியாக 0.1 பாக்டீரியாதான் இருக்கும். பத்துக் குழாய் வைத்தால் ஒன்பதில் ஒன்றும் இராது. அதே ரத்தத்தில் 10 மில்லிலிட்டரைக் கல்ச்சர் பாட்டிலில் விட்டால் நூறு பாக்டீரியா உள்ளே போகிறது. பழைய முறை என்று நாம் ஒதுக்குகிற கல்ச்சர் சில நேரம் பி.சி.ஆரை முந்துவதற்கு இந்தக் கொள்ளளவுதான் முதற்காரணம்.

தொழில் வழித் தொடர்பு, அறிகுறி, டைட்டர் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது ஒற்றை நெகட்டிவ் அவற்றைத் தள்ளிவிடாது. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்று என்றால், அது வளர்ந்தால்தான் மருந்து என்று நிற்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கல்ச்சர் படிவத்தில் ‘புருசெல்லா சந்தேகம்’ என்று எழுதினீர்களா? வெறும் ‘காய்ச்சல்’ என்று எழுதி அனுப்பியிருந்தால், இப்போதே ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 5

இரவு எழுதியதில் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது. வெறும் குழாய் என்று நான் சொன்னது உண்மையில் வெறுமையாக இல்லை. அதில் மனித டி.என்.ஏ. நிரம்பி வழிகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 5,000 வெள்ளணுக்கள் என்று கொண்டால், 10 மைக்ரோலிட்டரில் 50,000. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. இருப்பதால், மொத்தம் 330 நானோகிராம். புருசெல்லாவின் மரபுத்தொகுதியோ இரண்டு குரோமோசோம்களையும் சேர்த்தே சுமார் 33 லட்சம் கார இணைகள்தான், எடையில் 3.6 ஃபெம்டோகிராம் அளவு. எனவே அதிர்ஷ்டவசமாக ஒரு பாக்டீரியா உள்ளே வந்திருந்தாலும், அதைப்போல ஒன்பது கோடி மடங்கு மனித டி.என்.ஏ.வுக்கு நடுவில்தான் பிரைமர் என்ற தேடும் டி.என்.ஏ. துண்டு அதைப் பிடிக்க வேண்டும். ஹீமோகுளோபின் மிச்சம் இருந்தால் பாலிமரேஸ் நொதி மந்தமாகிவிடும். ஹெபாரின் போட்ட குழாயில் ரத்தம் எடுத்திருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே, இரண்டு விவரம் வேண்டும். ரத்தம் எடுத்த குழாய் எது? உள்கட்டுப்பாட்டு வினை, அதாவது கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளைவு (டி.என்.ஏ. பெருகுவதைக் காட்டும் கோடு) எழ வேண்டிய அந்தத் துணை வினை, சரியாக எழுந்ததா? அது எழாத அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்று எழுதவே கூடாது. ‘சோதனை செல்லாது’ என்றுதான் எழுத வேண்டும். இதை எழுதாமல் அனுப்புகிற ஆய்வகங்கள் உண்டு. அப்படி ஓர் அறிக்கையை நம்பி, முதுகெலும்பில் தொற்று ஊன்றும்வரை ஒரு நோயாளி காசநோய் மருந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, மாலை

ஈ.டி.டி.ஏ. குழாய், உள்கட்டுப்பாடும் சரியாக இருந்தது. நல்லது. அப்படியானால் தடைப்பொருளின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க வழியில்லை. மீண்டும் கொள்ளளவுக் கணக்குக்கே வர வேண்டும்.

இதற்குள் ஒருவர் நியாயமான எதிர்வாதம் வைத்திருக்கிறார்: ஐ.எஸ்.711 என்ற இடமாறும் துண்டு ஒரே மரபுத்தொகுதியில் பல பிரதிகளாக இருக்கிறதே, அதை இலக்காக வைத்தால் என் 0.1 கணக்கு மாறாதா? மாறும். புருசெல்லா இனங்களான அபார்ட்டஸ், மெலிடென்சிஸ் இரண்டிலும் ஏழு பிரதிகள் அளவில் இருக்கின்றன. பிரித்தெடுக்கும்போது டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைவதால் அந்த ஏழும் கரைசலில் தனித்தனியே பரவிவிடும். எனவே வினைக்குழாய்க்குச் சராசரி 0.7 இலக்கு. ஒரு இலக்குகூட இல்லாமற்போகும் வாய்ப்பு 90 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைகிறது. ஒரே மாதிரியை மூன்று குழாய்களில் வைத்தால் சராசரி 2.1, மூன்றும் வெறுமையாக இருக்கும் வாய்ப்பு 12 சதவீதம்தான். இது பெரிய முன்னேற்றம். பிரித்தெடுப்பில் ஒரு துளியும் வீணாகாது என்று கொண்டு போட்ட கணக்கு இது என்பதையும் நினைவில் வையுங்கள். நடைமுறையில் வீணாகாமல் இருப்பதே இல்லை.

மேற்கேட்டவர் பயன்படுத்திய கிட் எந்த மரபணுவைத் தேடுகிறது? 31 கிலோடால்டன் புரதத்துக்குரிய பி.சி.எஸ்.பி.31 என்றால், அது ஒற்றைப் பிரதி. 1992 முதல் புழக்கத்தில் இருக்கிற இலக்கு. பேரின அளவில் கண்டறிய நல்லதுதான். ஆனால் ரத்தம் போன்ற, கிருமி அரிதான மாதிரிக்கு அது மட்டும் போதாது.

ஜூன் 6

“மாடுகளில் இதே பி.சி.ஆர். பிரமாதமாக வேலை செய்கிறதே, மனிதர்களிடம் மட்டும் ஏன் இப்படிச் சொதப்புகிறது?” என்று கேட்டவருக்கு.

நானும் கால்நடை மாதிரிகளிலிருந்துதான் மனித மாதிரிகளுக்கு வந்தவன். கன்று வீச்சு நோயில் விழுந்த கருவின் இரைப்பை நீரையோ நஞ்சுக்கொடித் துண்டையோ வைத்தால், பதினைந்தாவது பதினாறாவது சுழற்சியிலேயே வளைவு செங்குத்தாக ஏறிவிடும் (சுழற்சிக்கு ஒருமுறை டி.என்.ஏ. இரட்டிப்பாகும்; கிருமி மிகுந்தால் வளைவு சீக்கிரம் எழும்). சில நேரம் மாதிரியை நூறு மடங்கு நீர்த்த பிறகே ஒழுங்கான வளைவு கிடைக்கும். நஞ்சுக்கொடியில் எரித்ரிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் மிகுதி. புருசெல்லாவுக்கு அது விருப்பமான உணவு. ஒரு கிராம் திசுவில் கோடிக்கணக்கில் கிருமி சேர்ந்துவிடும். அங்கே பழகிய கை, மனித ரத்தத்தில் 37, 38 என்று தள்ளாடி எழுகிற வளைவைப் பார்க்கும்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கும். கருவி அதேதான், பிரைமர் அதேதான். மாதிரியில் இருக்கும் கிருமியின் எண்ணிக்கையில்தான் கோடி மடங்கு வேறுபாடு.

மனிதர்களிடம் மாதிரியை மாற்றினால் ஓரளவு ஈடுகட்டலாம். கிருமி பெருவிழுங்கி அணுக்களுக்குள் ஒளிந்து வாழ்வதால், பல மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிட்டு, வெள்ளணுக்களை மட்டும் திரட்டி அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். அல்லது சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், வைக்கலாம். ரத்தத்தையும் சீரத்தையும் ஒப்பிட்ட சில ஆய்வுகளில் சீரமே முந்தியிருக்கிறது. ஹீமோகுளோபினும் மனித டி.என்.ஏ.வும் அதில் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். மூட்டு நீர், சீழ், எலும்பு மஜ்ஜை கிடைத்தால் அவற்றுக்கே முன்னுரிமை.

ஜூன் 8

“அப்படியென்றால் ரோஸ் பெங்காலே போதும், பி.சி.ஆர். வெறும் ஆடம்பரம்” என்று ஒருவர் எதிர்க்கோடிக்குப் போய்விட்டார். அங்கேயும் நான் வர மாட்டேன்.

இந்தச் சோதனைகள் பார்ப்பது பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஓ-சங்கிலி என்ற சர்க்கரைத் தொடருக்கு எதிரான எதிர்ப்பொருளை. எர்சீனியா என்டரோகொலிடிகா ஓ:9 என்ற குடல் கிருமியின் ஓ-சங்கிலியும் ஏறத்தாழ அதே அமைப்பு. ஆகவே வயிற்றுப்போக்கு வந்து போனவருக்கும் திரட்டுச் சோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும். கால்நடைகளோடு ஆண்டுக்கணக்கில் பழகுகிறவர்களிடம் பழைய தொற்றின் டைட்டர் தங்கியிருப்பதும் சாதாரணம். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஓ-சங்கிலியே இல்லாத சொரசொரப்பு வகைகள் உண்டு. நாய்களிடமிருந்து வரும் கேனிஸ் என்ற புருசெல்லா இனம் இயல்பிலேயே அப்படி. மாடுகளுக்குப் போடும் ஆர்.பி.51 தடுப்பூசித் திரிபு வேண்டுமென்றே அப்படி உருவாக்கப்பட்டது; தடுப்பூசி போட்ட மாட்டை நோயுற்ற மாடாகச் சோதனை காட்டிவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த உயிருள்ள திரிபு பாலில் வெளிவந்து, அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்தவருக்குத் தொற்றினால், ரோஸ் பெங்கால், குழாய்த் திரட்டு இரண்டுமே வாய்மூடி நிற்கும். 2017இல் அமெரிக்காவில் டெக்சாஸ், நியூஜெர்சி மாநிலங்களில் இப்படித் தொற்றியவர்கள் கண்டறியப்பட்டார்கள். போதாக்குறைக்கு அது ரிபாம்பிசினை எதிர்த்து நிற்கும் திரிபு. புருசெல்லோசிஸுக்கு வழக்கமாக எழுதும் மருந்துகளில் ஒன்று தொடக்கத்திலேயே பயனற்றுப் போகிறது. இங்கே கல்ச்சரும் மூலக்கூறு சோதனையும் இல்லாமல் நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஜூன் 11

பாட்டில் வளர்ந்துவிட்டது, கருவி ‘ஓக்ரோபாக்ட்ரம் ஆந்த்ரோபி’ என்று பெயர் சொல்கிறது, இது தோலிலிருந்து வந்த மாசுதானே என்று மேற்கேட்டவர் எழுதியிருக்கிறார்.

அந்தத் தட்டை உடனே மூடி ஒட்டிப் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் வையுங்கள். யாரும் முகர்ந்து பார்க்க வேண்டாம். திறந்த மேசையில் அதைக் கையாண்டவர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 12

இப்போது விரிவாக.

ஆய்வகப் பணியாளர்களுக்குத் தொற்றும் பாக்டீரியாக்களில் புருசெல்லா முன்வரிசையில் இருக்கிறது. 10 முதல் 100 பாக்டீரியா மூச்சோடு உள்ளே போனாலே போதும். பெரும்பாலும் அது இதே வழியில்தான் நடக்கிறது: படிவத்தில் சந்தேகம் குறிக்கப்படுவதில்லை, கருவி வேறு பெயர் சொல்கிறது, அதை நம்பித் திறந்த மேசையில் மேற்சோதனைகள் நடக்கின்றன. புரத நிறமாலையைப் பார்த்துப் பெயர் சொல்லும் கருவியின் தரவுத்தளத்தில் புருசெல்லா சேர்க்கப்படாதிருந்தால், அது அகப்பட்ட நெருங்கிய உறவினரின் பெயரைச் சொல்லும். நெருங்கிய உறவினர் ஓக்ரோபாக்ட்ரம்தான். உயிர்வேதிச் சோதனைப் பட்டைகளும் இதே குழப்பத்தைச் செய்திருக்கின்றன. சில நேரம் மொராக்செல்லா என்றுகூடச் சொல்லும்.

16எஸ் ரைபோசோம் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்கலாமே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். புருசெல்லா இனங்களுக்குள் அந்த வரிசையில் வேறுபாடே இல்லை. ஓக்ரோபாக்ட்ரத்தோடு ஒப்பிட்டாலும் 98 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. 2020இல் வகைப்பாட்டாளர்கள் சிலர், மரபுத்தொகுதி ஒப்பீட்டை வைத்து ஓக்ரோபாக்ட்ரம் முழுவதையும் புருசெல்லா பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பெருவாரியான புருசெல்லா ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். என் சார்பு எதிர்த்தவர்கள் பக்கம். மரபுவழி உறவு அவர்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும். ஆனால் ‘புருசெல்லா ஆந்த்ரோபி’ என்று அறிக்கையில் வந்தால், பெரிதாக ஆபத்தில்லாத மண் கிருமிக்குப் பதறுவதும், பதறிப் பதறிப் பழகிப் போய் உண்மையான மெலிடென்சிஸைக் கோட்டைவிடுவதும் ஆய்வகத்தில்தானே நடக்கும்?

கருவியை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அகாரின் மேல் ஒன்றும் தெரியாமல், 48 மணி நேரத்துக்குப் பிறகு ஊசிமுனை அளவில், பளபளப்பாக, ஒளி ஊடுருவும் வெளிர் தேன்நிறத்தில் காலனிகள் தெரிந்தால் சந்தேகம் வர வேண்டும். ஓக்ரோபாக்ட்ரம் மறுநாளே கொழுத்து வளர்ந்துவிடும். கிராம் சாயத்தில் புருசெல்லா மங்கலாக, மெல்லிய மணலைத் தூவியதுபோலத் தெரியும். தனித்தனி அணுவைப் பிரித்தறியவே கண் வலிக்கும். யூரியா ஸ்லாண்ட்டில் (யூரியா கலந்த சாய்வு ஊடகத்தில்) கோடு இழுத்தால் பன்றிகளின் புருசெல்லாவான சூயிஸும் கேனிஸும் சில நிமிடங்களிலேயே அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். மற்றவை சற்று மெதுவாக. இவையெல்லாம் கேபினெட்டுக்குள் மட்டும்.

பிறகு பி.சி.ஆர். இந்த வழக்கில் அது உண்மையாகவே ஒளிர்கிற இடம் இதுதான். ஒரு காலனியைத் தொட்டு நீரில் கலக்கி, கொதிநிலை வெப்பத்தில் கொன்று, தெளிந்த நீரை வைத்தால், கொள்ளளவுக் கவலை ஏதுமில்லாமல் அன்றைக்கே விடை கிடைக்கும். இலக்கு இரண்டு வையுங்கள். ஓக்ரோபாக்ட்ரத்தின் சில திரிபுகளில் பி.சி.எஸ்.பி.31 பிரைமர்களும் பொருந்திப் பெருக்கம் காட்டியதாகப் பதிவுகள் இருக்கின்றன, ஐ.எஸ்.711உம் சேர்ந்து எழுந்தால் ஐயம் தீரும்.

ஜூன் 13

இரண்டு இலக்குகளும் எழுந்துவிட்டனவாம். திறந்த மேசையில் தட்டைக் கையாண்டவர்களுக்கு இனி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு முடிவெடுக்கட்டும். பொதுவான நடைமுறை, அதிக வெளிப்பாடு உள்ளவர்களுக்கு டாக்சிசைக்ளின், ரிபாம்பிசின் இரண்டும் 3 வாரம். கூடவே, இப்போதும், அதன்பின் 6, 12, 18, 24ஆம் வாரங்களிலும் சீரம் எடுத்து எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். ஆர்.பி.51 என்றால் மட்டும் இந்த இரண்டுமே உதவாது: ரிபாம்பிசின் கேட்காது, எதிர்ப்பொருள் சோதனை எதையும் காட்டாது. ஆகவே எந்தத் திரிபு என்று தெரிந்துகொள்வது அவசரம்.

ஜூன் 20

திரிபு அறிவதைப் பற்றி. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1887இல் டேவிட் புரூஸ் மால்டாவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தார். அது ஆடுகளிடமிருந்து வருகிறது என்று தெமிஸ்டோகிளிஸ் சாமித் காட்ட 1905 ஆயிற்று. இடையில் 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் மாடுகளின் கருச்சிதைவுக் கிருமியைக் கண்டார். இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று 1918இல் ஆலிஸ் எவான்ஸ் எழுதியபோது பலர் நம்பவில்லை. டி.என்.ஏ. ஒப்பீடு வந்ததும் கதை எதிர்முனைக்குப் போயிற்று: இவை அவ்வளவு நெருக்கமானவை என்பதால் எல்லாமே ஒரே இனம் என்று 1985இல் முன்மொழிந்தார்கள். 2003இல் வகைப்பாட்டுக் குழு பழைய பெயர்களுக்கே திரும்பியது. நோய் எந்தக் கால்நடையிலிருந்து வந்தது என்று தேடுகிறவனுக்குப் பழைய பெயர்கள்தான் பயன்படுகின்றன என்பது அதற்கு வலுவான காரணம்.

இவ்வளவு ஒன்றுபோல இருப்பவற்றைப் பி.சி.ஆரில் எப்படிப் பிரிப்பது? 1994இல் வந்த அமோஸ் முறை, ஐ.எஸ்.711 துண்டு மரபுத்தொகுதியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறது. கெட்டிக்கார யோசனை, ஆனால் ஓர் இனத்தின் உட்பிரிவுகளான உயிர்வகைகள் எல்லாவற்றையும் அது பிடிப்பதில்லை. அபார்ட்டஸில் 1, 2, 4 ஆகிய வகைகளுக்கு மட்டுமே பொருந்தும். பின்னர் வந்த புரூஸ்-லேடர் ஒரே குழாயில் 8 ஜோடி பிரைமர்களை வைத்து, எந்தெந்தப் பட்டைகள் வருகின்றன, எது வரவில்லை என்று பார்க்கிறது. எஸ்.19, ஆர்.பி.51, ரெவ்.1 ஆகிய மூன்று தடுப்பூசித் திரிபுகளையும் அதுவே தனித்துக் காட்டிவிடும். எஸ்.19இல் எரித்ரிடாலைச் செரிக்கும் மரபணுப் பகுதியில் சுமார் 700 கார இணைகள் காணாமற்போயிருக்கின்றன. அங்கே வர வேண்டிய பட்டை வராது. குறையும் இருக்கிறது: கேனிஸின் சில திரிபுகளைச் சூயிஸ் என்று காட்டிவிடும், பிரைமர்களைத் திருத்திய பதிப்பு அதன்பின் வந்தது. ஒரே இனத்துக்குள் இன்ன பண்ணையிலிருந்து இன்னாருக்கு என்று தொடர் தேட வேண்டுமானால் இதுவும் போதாது. மீள்வரிசைகளை எண்ணும் முறைக்கோ முழு மரபுத்தொகுதி வரிசைக்கோ போக வேண்டும்.

ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை வாசிக்கும்போது, அளவுகோலாக வைக்கும் ஏணி அடையாளத்தை இருபுறமும் ஓட்டுங்கள். ஒருபுறம் மட்டும் ஓட்டி, சற்றே சாய்ந்து ஓடிய ஜெல்லில் பட்டையின் அளவைக் கண்மட்டத்தில் தீர்மானித்துவிட்டு, அதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் எல்லா ஆய்வகங்களிலும் உண்டு.

ஜூன் 21

அபார்ட்டஸ், தடுப்பூசித் திரிபு அன்று. நல்லது, ரிபாம்பிசின் கேட்கும்.

“கல்ச்சர் வந்துவிட்டதால் முதல் பி.சி.ஆர். தவறு என்று அறிக்கையைத் திருத்தச் சொல்லலாமா” என்பதற்கு: வேண்டாம். அந்த 10 மைக்ரோலிட்டரில் ஒன்றுமில்லை என்று அது சொன்னது, இல்லாமலே இருந்திருக்கும். அறிக்கையின் கீழே ‘ரத்த மாதிரியில் நெகட்டிவ் முடிவு நோயை விலக்காது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கே அங்கே மூன்று கூட்டம் நடக்கும்.

செப்டம்பர் 2

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போது நேர் எதிரான சிக்கலோடு வந்திருக்கிறீர்கள்: டாக்சிசைக்ளின் 6 வாரம், கூடவே ரிபாம்பிசின் முடிந்தாயிற்று, காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எடை கூடியிருக்கிறது, ஆனால் சீரத்தில் வைத்த பி.சி.ஆர். 37ஆவது சுழற்சியில் பாசிட்டிவ். மருந்தை மறுபடி தொடங்குவதா?

அறிகுறி திரும்பாதவருக்கு இந்த ஒரு முடிவை வைத்து மருந்து தொடங்க மாட்டார்கள். குணமானவர்களிடம் புருசெல்லா டி.என்.ஏ. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தென்படுவதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இறந்த கிருமியின் எச்சமா, அணுக்களுக்குள் சத்தமின்றி உயிரோடிருப்பவையா என்று டி.என்.ஏ.வைத் தேடும் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. உயிரில்லாத கிருமியின் டி.என்.ஏ.வும் அதே வளைவைத்தான் தரும்.

37 என்பது தற்செயல் மாசுக்கும் இடமளிக்கிற எல்லை. மாதிரி விடாத வெற்றுக் கட்டுப்பாட்டுக் குழாய் அந்த ஓட்டத்தில் சுத்தமாக இருந்ததா என்று கேளுங்கள். அதே ஆய்வகத்தில் ஜூனில் இந்த நோயாளியின் காலனியையே பெருக்கியிருக்கிறார்கள்; அந்தப் பெருக்கத் துண்டுகள் பிப்பெட்டிலோ மேசையிலோ தங்கியிருக்கக் கூடாதென்று சட்டமில்லை. யுராசில் சேர்த்துப் பெருக்கி, அடுத்த ஓட்டத்துக்கு முன் அந்தப் பழைய துண்டுகளைச் சிதைக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்களா என்று விசாரித்துவிட்டு, புதிதாக எடுத்த சீரத்தை மூன்று குழாய்களில் வைக்கச் சொல்லுங்கள்.

முதுகு வலி திரும்பினாலோ காய்ச்சல் வந்தாலோ கணக்கு வேறு. அப்போது பி.சி.ஆருக்கு முன்னால் முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ., புதிய ரத்த கல்ச்சர், டைட்டர் ஏறியிருக்கிறதா என்பது. இப்போதைய சீரத்தில் ஒரு பங்கை உறையவைத்துக்கொள்ளுங்கள். டைட்டரை ஒப்பிடும்போது பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும்.